ஜம்ப் இல்லை சார், யாம்ப்!

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் ஸ்டேஷனில் இறங்கியதுமே என் சூட்கேஸின் சக்கரம் ஒன்று கழன்று ஓடிவிட்டது. ஈஸ்ட்னி கடற்கரைப் பக்கம் இருந்த விடுதிக்கு அதை இழுத்தும் தூக்கியும் போய்ச் சேர்வதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. டாக்ஸியா? ஆபீஸ் தருகிற பேட்டாவில் டீ குடிக்கலாம், அவ்வளவுதான்!

கதவைத் திறந்த விடுதிக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. "என்ன, ஸ்டேஷன்லேர்ந்து யாம்ப் பண்ணியா வந்தீங்க?" என்றார்.

என் காதில் 'ஜம்ப்' என்று விழுந்தது. "இல்லீங்க, நடந்துதான் வந்தேன்."

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "காலையில பீச்சுக்குப் போங்க. அங்கே ஒருத்தன் நிக்கறான். பார்த்தா புரியும்."

போனேன். நின்றான், வெண்கலத்தில்! முதுகில் பெரிய மூட்டை, கையில் துப்பாக்கி. பெயர் 'யாம்பர்'. 1992-ல் மார்கரெட் தாட்சர் திறந்துவைத்த சிலை.

1982 ஃபாக்லாந்து யுத்தத்தின் கதை அது. மே 21-ம் தேதி பிரிட்டிஷ் படை சான் கார்லோஸில் இறங்கியது. அங்கிருந்து ஹெலிகாப்டரில் பறக்கலாம் என்று நம்பியிருந்தார்கள். மே 25-ம் தேதி அர்ஜென்டினாவின் ஏவுகணைகள் 'அட்லாண்டிக் கன்வேயர்' கப்பலைத் தாக்கின. அதிலிருந்த சினூக் ஹெலிகாப்டர்களில் மூன்று போயின. தப்பியது ஒன்றே ஒன்று.

அப்புறமென்ன, நடராஜா சர்வீஸ்தான்! தலைநகர் ஸ்டான்லி வரை சுமார் 90 கிலோமீட்டர். ரோடு கிடையாது, சதுப்பும் பாறையும் குளிரும்தான். முதுகில் 36 கிலோ, சிலருக்கு அதற்கும் மேலே. நம் வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால்கூட முப்பது கிலோதான்! ஈர பூட்ஸுக்குள் பலருக்குப் பாதம் வெந்துபோனது.

அந்தச் சுமைநடைக்கு மரீன் சிப்பாய்கள் வைத்திருந்த கொச்சை வார்த்தைதான் 'யாம்ப்'. பத்திரிகைகள் எழுதி எழுதி, ஊருக்கே தெரிந்த வார்த்தையாகிவிட்டது. எங்கிருந்து வந்ததென்று கேட்டால், அகராதிகளே கையை விரிக்கின்றன. பாராசூட் படைக்காரர்களிடம் மட்டும் இந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. அவர்கள் பாஷையில் அது 'டேப்'!

நடந்த பிறகுதான் சண்டையே. ஜூன் 14-ம் தேதி அர்ஜென்டினா சரணடைந்தபோது பிரிட்டிஷ் தரப்பில் 255 பேர், அர்ஜென்டினா தரப்பில் 649 பேர், தீவுவாசிகள் மூன்று பேர் இறந்திருந்தார்கள்.

விடுதிக்குத் திரும்பினேன். "புரிஞ்சுதா?" என்றார்.

"புரிஞ்சுது. நீங்களும் அங்கே...?"

"அப்போ எனக்கு இருபது வயசு. எதிரே நின்ன பசங்க பல பேருக்கு அதுகூட இல்லை" என்றவர், டீ போட உள்ளே போய்விட்டார்.

ஊர் திரும்பும் நாள். அதே சூட்கேஸ், 23 கிலோ. யாராவது கேட்டால், 'நடந்து வந்தேன்' என்று மட்டும் சொல்வதென்று முடிவுசெய்து தூக்கிக்கொண்டேன்.