சுண்ணாம்புக் குன்றின் ஊர்

கான்ஸஸ் ஸிட்டி என்னும் பெருநகரத்திலிருந்து மேற்கே சுமார் 40 மைல் தூரம் சென்றால், வடக்கே கா ஆறும் தெற்கே வாக்கரூசா ஆறும் ஓட, இரண்டுக்கும் நடுவே ஓரியட் என்னும் சிறு குன்றைச் சுற்றிப் படர்ந்து கிடக்கும் லாரன்ஸ் என்ற ஊரை அடையலாம். இவ்வூரில் பார்க்கத் தகுந்தது என்னவென்று பிரயாணி ஒருவர் உள்ளூர்க்காரரைக் கேட்டால், அவர் ஆற்றையும் காட்டமாட்டார், குன்றின் மேலுள்ள சர்வகலாசாலையின் மணிக்கூண்டையும் காட்டமாட்டார். பெரிய தானியக் கிடங்கைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு கூடைப்பந்துக் கூடத்தையே காட்டுவார். ஊரின் ஜனத்தொகை ஏறத்தாழ 95,000. அந்தக் கூடத்தில் அமரக்கூடியவர்கள் பதினையாயிரம் பேருக்கு மேல். ஆட்ட நாளில் ஊரில் திருடர் பயம் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. திருடரும் ஆட்டம் பார்க்கத்தான் போயிருப்பார்கள்.

ஆனால் கூடத்துக்குள் நுழையுமுன் ஊரின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் இங்கே விளையாட்டு வந்து சேர்வதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே பகை வந்துவிட்டது.

கான்ஸஸ் பிரதேசத்தில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்பதை அங்கே குடியேறுவோரே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1854-இல் சட்டம் செய்தது. அப்பொழுது, அடிமை முறையை வெறுத்த மாஸச்சூஸெட்ஸ் மக்கள் ஒரு சங்கம் அமைத்து, பணம் திரட்டி, குடும்பம் குடும்பமாக ஆட்களை அனுப்பி உண்டாக்கிய ஊரே லாரன்ஸ். பணம் உதவிய பாஸ்டன் வர்த்தகர் ஏமஸ் லாரன்ஸின் பெயரே ஊருக்கு வாய்த்தது. கடைவீதிக்கு மாஸச்சூஸெட்ஸ் வீதி என்றும், குன்றுக்குத் தங்கள் தேசத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றின் ஞாபகமாக ஓரியட் என்றும் அவர்களே பெயரிட்டார்கள். எல்லைக்கு அப்பாலிருந்த மிஸ்ஸௌரியோ அடிமை முறையை ஏற்ற மாகாணம். 1856 மே மாதத்தில் அடிமை முறை ஆதரவாளர் படையொன்று ஊருக்குள் புகுந்து, பெரிய ஹோட்டலைப் பீரங்கியால் சுட்டு, தீயிட்டு அழித்து, பத்திரிகை அச்சு எழுத்துக்களை ஆற்றில் கொட்டிவிட்டுப் போயிற்று. அது முன்னுரை. 1863 ஆகஸ்ட் 21, விடியற்காலை, வில்லியம் குவாண்ட்ரில் என்பவன் சுமார் 400 குதிரை வீரர்களுடன் வந்து, ஆண்களையும் பையன்களையும் தேடித் தேடிச் சுட்டு, வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினான். மாண்டவர்கள் 150 பேருக்கு மேல். நகரத் தலைவர் தம் வீட்டுக் கிணற்றுக்குள் ஒளிந்துகொண்டார். மேலே வீடு எரிந்தது. கிணற்றுக்குள்ளேயே மூச்சு முட்டி இறந்தார். ஊரின் முத்திரையில் இன்றும், சாம்பலிலிருந்து எழுகின்ற ஃபீனிக்ஸ் பறவையைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

பாவம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. கான்ஸஸிலிருந்து எல்லை தாண்டிச் சென்று மிஸ்ஸௌரிப் பண்ணைகளைச் சூறையாடிய கூட்டத்தாருக்கு ஜேஹாக்கர்கள் என்று பெயர். குவாண்ட்ரில் லாரன்ஸை எரிப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1861 செப்டம்பரில், கான்ஸஸ் தலைவர் ஜேம்ஸ் லேனின் படை மிஸ்ஸௌரியிலுள்ள ஆஸ்ஸியோலா என்னும் ஊரை எரித்திருந்தது. நீலப் பட்சியின் கூச்சலையும் வல்லூற்றின் வேட்டையையும் ஒன்றாக்கிப் பிறந்த அந்த ஜேஹாக் என்னும் கற்பனைப் பறவையையே கான்ஸஸ் சர்வகலாசாலை தன் சின்னமாக ஏற்றுக்கொண்டது. 1912-இல் ஒரு மாணவர் அதற்குச் சப்பாத்து மாட்டிச் சித்திரம் வரைந்தார். 1946-இல் வேறொரு மாணவர் அதைச் சிரிக்க வைத்தார். கொள்ளைக்காரப் பறவை இப்படியாகக் குழந்தைகளின் சட்டையில் ஏறியது. மிஸ்ஸௌரி சர்வகலாசாலையின் அணிக்குப் புலிகள் என்று பெயர். அப்பெயரின் கதை இன்னும் விசித்திரமானது. உள்நாட்டுப் போரின்பொழுது குவாண்ட்ரில் கூட்டத்தைப் போன்ற கொள்ளைப் படைகள் தங்கள் ஊரையும் எரித்துவிடுமோ என்று அஞ்சிய கொலம்பியா நகரத்தார் அமைத்த காவற்படையின் பெயர்தான் அது. ஆக, லாரன்ஸை எரித்தவர்களுக்கும் புலிகளுக்கும் உண்மையில் உறவு இல்லை. புலிகள் அவர்களுக்கு அஞ்சியவர்கள். இரண்டு தரப்பு இரசிகர்களும் இந்தச் செய்தியை அறிந்திருந்தால், பரம்பரைப் பகைக்கு வேறு காரணம் தேடவேண்டியிருக்கும். அறியாதிருப்பதே இரு தரப்பாருக்கும் சௌகரியம்.

இந்தப் பகைப் புலத்துக்குக் கூடைப்பந்தைக் கொண்டு வந்தவர் ஒரு சாது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாவில் பிறந்தவர், கிறிஸ்தவ மதபோதகர், 1891 டிசம்பரில் மாஸச்சூஸெட்ஸிலுள்ள ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரில், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாமல் முரண்டு பிடித்த மாணவர்களை அடக்குவதற்காக, பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் ஆணியடித்து மாட்டி, 13 விதிகள் எழுதி, இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர். 1898-இல் அவர் லாரன்ஸுக்கு வந்தது பந்தாட்டம் கற்பிக்க அன்று. தேகப்பயிற்சியையும் காலைப் பிரார்த்தனையையும் நடத்திவைக்கவே வந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவருடைய மாணவர்கள் ஆடிய முதல் ஆட்டத்தில் 5-க்கு 16 என்று தோற்றார்கள். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் கான்ஸஸ் அணி வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. ஆட்டத்தைச் சிருஷ்டித்தவர் ஒருவரே அந்த அணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் என்பதை ஊரார் வெட்கத்தோடு சொல்வதில்லை, சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கூடைப்பந்து ஆடுவதற்கு உரியது, பயிற்றுவிப்பதற்கு உரியது அன்று என்பது அவருடைய கொள்கை.

அவரிடமே பயின்ற ஃபாரஸ்ட் ஆலன் அந்தக் கொள்கையைக் காற்றில் பறக்கவிட்டார். அடிபந்து ஆட்டத்தில் நடுவராக நின்று கூவும்பொழுது, மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதுகொம்பைப் போல அவர் குரல் ஒலித்ததால், பனி என்று பொருள்படும் ஃபாக் என்ற சொல்லே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. இரண்டு தவணையாக, 1956 வரை, ஏறத்தாழ நாற்பது பருவங்கள் அவர் இந்த அணியை நடத்தினார். அவர் பெயரால் 1955 மார்ச் முதல் தேதி திறக்கப்பட்டதே மேலே சொன்ன கூடம். அதைக் கட்டத் திட்டமிட்டபொழுது கொரிய யுத்தத்தால் எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியது. ஆகவே படைக்கலம் வைக்கும் சாலையாகவும் பயன்படும் என்று திட்டத்தில் காட்டியே எஃகுக்கு அனுமதி பெற்றார்கள். பகையில் பிறந்த ஊருக்கு ஏற்ற கட்டடந்தான்.

இடையில் ஒரு செய்தியை விட்டுவிட மனம் வரவில்லை. 1930-களில் நெய்ஸ்மித்திடம் பாடம் கேட்ட ஜான் மக்லெண்டன் என்னும் கறுப்பு மாணவருக்குச் சர்வகலாசாலை அணியில் ஆட இடமில்லை. அக்காலத்தில் கறுப்பர்களை அணி சேர்த்துக்கொள்வதில்லை. அடிமைத்தளையை எதிர்ப்பதற்கென்றே பிறந்த ஊரில் இது நடந்தது. மக்லெண்டன் பின்னாளில் தாமே பெரும் பயிற்சியாளராகி, வேகமான ஆட்டமுறைக்குப் பெயர் பெற்றார். ஊர் தன் பிறப்பின் பெருமையைப் பேசும்பொழுது இதையும் சேர்த்துப் பேசினால் குறைந்துபோகாது.

இனிக் கூடத்தில் எழும் சர்வகலாசாலைக் கோஷத்துக்கு வருவோம். 1886-இல் பெய்லி என்னும் இரசாயனப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் விச்சிட்டா நகரிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தங்கள் விஞ்ஞான சங்கத்துக்கு ஒரு கோஷம் வேண்டும் என்ற பேச்சு வர, தண்டவாளத்தின் மேல் சக்கரங்கள் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டு வந்த ஒலியையே அவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது வரலாறு. முதலில் வெறும் ஆரவார அசைகளாக இருந்த தொடக்கம், சில ஆண்டுகளில் ‘ராக் சாக்’ என்று மாறிற்று. ஓரியட் குன்றின் சுண்ணாம்புக் கல்லுக்கு ‘சாக் ராக்’ என்று பேச்சு வழக்கு. அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் ஜேஹாக் என்ற சொல்லுக்கு இயைபாக அமைந்தது. காலடியில் கிடந்த கல்லும், காதில் விழுந்த ரயிலும், கணக்குத் தீராத பழைய போரின் பறவையும் ‘ராக் சாக் ஜேஹாக்’ என்ற மூன்று சொல்லில் சேர்ந்துவிட்டன. கவிஞர் ஒருவரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தால் இத்தனை நாள் நிலைத்திராது என்பது என் துணிபு. 1920 ஒலிம்பிக் விழாவில் பெல்ஜிய மன்னர் அமெரிக்கக் கல்லூரிக் கோஷம் ஒன்றைக் கேட்க விரும்பியபொழுது, வீரர்கள் கூடி எழுப்பியது இதுவே என்று ஊரார் பெருமை பேசுவார்கள்.

ஆட்ட நாளில் அந்தக் கூடத்தில் நடப்பவற்றை வரிசையாகப் பார்த்தால், ஏதோ ஒரு சமயச் சடங்குக்கு வந்துவிட்டோமோ என்ற மயக்கம் உண்டாகும். எதிரணி ஆட்டக்காரர்களின் பெயர்கள் ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக அறிவிக்கப்படும்பொழுது, மாணவர் பகுதி முழுவதும் சர்வகலாசாலைப் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொள்ளும். பந்தியில் வேண்டாத சம்பந்தி எதிரே அமர்ந்துவிட்டால் இலையை விட்டுக் கண்ணை எடுக்காத மனிதரைப் போல, வந்தவர் யாரென்று பார்க்கவும் நமக்கு நேரமில்லை என்பது அதன் பொருள். தங்கள் அணியின் முறை வந்ததும் அதே பத்திரிகை சுக்குநூறாகக் கிழிபட்டுப் புஷ்பமாரியாகப் பொழியும். எதிரணியில் ஒருவர் ஐந்து தவறுகள் இழைத்து வெளியேற்றப்படும்பொழுது, ஆயிரக்கணக்கான கைகள் தலைக்கு மேலே உயர்ந்து, முற்றிய கதிர்கள் காற்றில் சாய்வதைப் போல, மெதுவாக இடமும் வலமும் அசைந்து அவருக்கு விடை கொடுக்கும். இதற்குக் கோதுமை அசைத்தல் என்றே பெயர். வெற்றி உறுதியான பின், கடைசி நிமிஷத்தில், அந்தப் பழைய கோஷம் எழும். முதல் இரண்டு தடவை, மடாலயத்தில் துறவிகள் ஓதுவதைப் போல மந்த ஸ்தாயியில் நீட்டி நீட்டி. பிறகு மூன்று தடவை ரயில் வேகத்தில். தோற்கும் அணிக்கு அந்த நீட்டலைக் கேட்பது தோல்வியைவிடக் கொடுமை என்று சொல்வார்கள். 2017 பிப்ரவரியில் இங்கே எழுந்த சத்தம் 130.4 டெசிபல் என்று அளந்து கின்னஸ் சாதனையாகப் பதிந்திருக்கிறார்கள்.

கூடத்தின் வடபுறச் சுவரில், மேலே, ‘உள்ளே வருவோர் கவனிக்க: ஃபாக்கிடம் ஜாக்கிரதை’ என்ற பொருளில் ஒரு நீண்ட பதாகை தொங்குகிறது. 1988-இல் டியூக் சர்வகலாசாலை அணி ஆட வந்தபொழுது, மாணவர்கள் விடுதிக் குளியலறைத் திரைகளைக் கழற்றி எடுத்து, வர்ணம் பூசி, முதன்முதலாக அதைக் கட்டினார்கள். பதாகை பலிக்கவில்லை, அன்று டியூக்கே வென்றது. ஆனால் அதே பருவத்தின் அரையிறுதியில் டியூக்கைத் தோற்கடித்துத் தேசிய சாம்பியன் பட்டத்தையும் கான்ஸஸ் பெற்றுவிட்டதால், திரைச்சீலை மந்திரச்சீலையாகிவிட்டது.

மிஸ்ஸௌரிப் பகையின் சுவை வேறு. அந்த அணியை 1967 முதல் 1999 வரை நடத்திய நார்ம் ஸ்டூவர்ட், கான்ஸஸ் மண்ணில் ஒரு காசு செலவழிக்க மனமின்றி, எல்லைக்கு அப்பாலேயே தங்கி, அங்கேயே பஸ்ஸுக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு வருவாராம். கர்ணபரம்பரைக் கதை, ஆனால் இரு மாகாணத்தாரும் அதை நம்பவே விரும்புகிறார்கள். எரியும் லாரன்ஸின் சித்திரத்தைச் சட்டையில் அச்சிட்டு மிஸ்ஸௌரி இரசிகர் சிலர் அணிந்ததும், அடிமை எதிர்ப்பில் வாளெடுத்த ஜான் பிரௌனின் உருவத்தை இந்தப் பக்கத்தார் அணிந்ததும் உண்டு. கிணற்றுக்குள் மூச்சு முட்டிச் செத்த மனிதரை நினைத்தால் அந்தச் சட்டையில் எனக்கு வேடிக்கை தோன்றவில்லை. எல்லைப் போர் என்று வழங்கிய போட்டியின் பெயரை 2004-இல் சற்று மென்மைப்படுத்திப் பார்த்தார்கள். இரசிகர் நாவில் அது ஏறவில்லை.

மிஸ்ஸௌரி வேறு கூட்டமைப்புக்குப் போகும் தறுவாயில், 2012 பிப்ரவரி 25-இல் இங்கே நடந்த ஆட்டத்தில், 19 புள்ளிகள் பின்தங்கியிருந்த கான்ஸஸ் கூடுதல் நேரத்தில் 87-க்கு 86 என்று வென்றது. பிறகு ஒன்பது ஆண்டுக்கு மேல் பருவ ஆட்டம் எதுவும் இல்லை. 2021 டிசம்பரில் மறுபடி சந்தித்தபொழுது 102-க்கு 65 என்று கான்ஸஸே வென்றது.

ஊரின் கிழக்குப் பக்கத்தில் ஓக் ஹில் மயானம் இருக்கிறது. 1863-இல் மாண்டவர்களுக்காக 1895-இல் எழுப்பிய நினைவுச் சின்னம் அங்கே நிற்கிறது. ஃபாக் ஆலனும் அதே மயானத்தில் அடக்கமாகியிருக்கிறார். 1939-இல் காலமான நெய்ஸ்மித்தின் சமாதி அருகிலுள்ள இன்னொரு மயானத்தில். மாஸச்சூஸெட்ஸ் வீதியில் காப்பி குடித்துவிட்டு, ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று கடிகாரத்தைப் பார்க்கும் பிரயாணி, முதலில் கிழக்கே போய்விட்டு வருவது உத்தமம். குன்றின் பக்கம் போனவர்கள் கூட்டம் கலையும் வரையில் திரும்பி வருவதில்லை.