ஆறரை

எங்கள் குடும்பத்து வட்சப் குழுவில் கடந்த ஒரு வருடமாக அதிகம் அடிபட்ட எண் ஆறரை. கிளிநொச்சியில் இருக்கும் அக்காவின் மகள், என் பெறாமகள், லண்டனில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். பல்கலைக்கழகம் இடம் தந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. ஐஈஎல்ரிஎஸ் பரீட்சையில் மொத்தமாக 6.5 எடுக்கவேண்டும், நான்கு பகுதிகளில் எதிலும் 6க்குக் கீழே போகக்கூடாது.

அவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தவள். நாலு வருடமும் விரிவுரை, பரீட்சை, ஆய்வறிக்கை எல்லாமே ஆங்கிலத்தில். இலங்கை அரசியலமைப்பு 1987இலிருந்து ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. ஆனால் பிரித்தானிய விசா விதிகளில், ஆங்கிலம் பெரும்பான்மையாகப் பேசப்படும் நாடுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஜமைக்கா அதில் உண்டு, கயானா உண்டு. இலங்கை இல்லை, இந்தியா இல்லை, பள்ளிக்கூடம் முழுவதையும் ஆங்கிலத்தில் நடத்தும் சிங்கப்பூர்கூட இல்லை. படித்த இடத்திலிருந்து 'ஆங்கிலத்தில்தான் கற்பித்தோம்' என்று ஒரு கடிதம் கொடுத்தால் சில பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும். இவள் கேட்ட பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. லண்டனில் பிறந்த என் மகளிடம் யாரும் எந்தக் கடிதமும் கேட்டதில்லை. அவளுடைய கட்டுரைகளில் எழுத்துப்பிழை பார்த்து அனுப்புவது கிளிநொச்சியில் இருக்கும் இந்த அக்காதான்.

எங்கள் வீட்டுக்கு இந்தப் பரீட்சை ஒன்றும் புதிதில்லை. அம்மாவின் தகப்பனார் கேம்பிரிட்ஜ் சீனியர் பாஸ் பண்ணியவர். அந்த ஒரு சான்றிதழோடு மலாயாவுக்குக் கப்பலேறி, கிளாக்கர் வேலை பார்த்து, பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினார். சான்றிதழைச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டியிருந்தார். ஐஈஎல்ரிஎஸ்சை நடத்தும் மூன்று பங்காளிகளில் ஒன்று அதே கேம்பிரிட்ஜ்தான். மற்றவை பிரிட்டிஷ் கவுன்சிலும் ஆஸ்திரேலியாவின் ஐடிபியும். தாத்தாவின் சான்றிதழ் அவருடைய ஆயுளுக்கும் செல்லுபடியானது. இப்போதைய பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான். "அதுக்குப் பிறகு என்ரை இங்கிலீசு பழுதாப்போகுமோ சித்தி?" என்று கேட்டாள்.

முதல்தடவை கேட்டல் 7, வாசிப்பு 7, எழுத்து 6.5, பேச்சு 5.5. கூட்டி நாலால் பிரித்தால் சரியாக ஆறரை. ஆனால் அந்த ஒரு அரைப் புள்ளிக்காகத் திரும்பவும் பரீட்சைக்குப் போகவேண்டும். அக்கா ஆசிரியை. பரீட்சைக் கட்டணம் அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும். "நான் கட்டுறன்" என்றேன். அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, பிறகு சம்மதித்தாள்.

1913இல் கேம்பிரிட்ஜ், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கென்று தன் முதல் பரீட்சையை வைத்தபோது வந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். பன்னிரண்டு மணித்தியாலப் பரீட்சை. மூவருமே தேறவில்லை. பெறாமகளை ஆறுதல்படுத்த இதைச் சொன்னேன். "அவையையும் பேச்சுத்தான் கவுத்ததோ?" என்றாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் நான் பரீட்சகரானேன். பேச்சுப் பரீட்சை பதினொன்றிலிருந்து பதினான்கு நிமிடம். நடுவில் ஒரு அட்டை தருவார்கள். அதில் உள்ள விடயத்தைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இரண்டு நிமிடம் வரை நிறுத்தாமல் பேசவேண்டும். இவளிடம் ஆங்கிலத்துக்குக் குறையில்லை. பெரியவர்கள் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று வளர்த்த பிள்ளை அவள். விலங்குக் காட்சிச்சாலைகள் தேவையா என்று கேட்டேன். "தேவையில்லை" என்றாள். ஏன்? "பாவம்தானே." அதோடு சரி. இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம், கேட்காததையும் சேர்த்துச் சொல்லும் பழக்கத்துக்குத்தான் அங்கே புள்ளி.

ஒரு ஞாயிறு, பயிற்சிப் புத்தகத்தில் அடுத்து வந்த அட்டை: சிறுவயதில் நீங்கள் வாழ்ந்த வீடு ஒன்றை விவரியுங்கள்.

ஒரு நிமிடம் முடிந்தும் அவள் தொடங்கவில்லை. "எந்த வீட்டைச் சொல்ல?" என்றாள். 2009இல் அவளுக்கு எட்டு வயது. கிளிநொச்சி வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு எத்தனை இடங்கள் என்று அக்காவே எண்ணியதில்லை. கடைசியில் மெனிக் பாம் முகாமில் ஒரு கூடாரம். அதைத்தான் சொன்னாள். தறப்பாள் வெள்ளை நிறம். தண்ணீர் வரிசை நீளம். மழை வந்தால் நித்திரை இல்லை. முப்பது வினாடியில் முடித்துவிட்டாள். இறந்தகால வினைகள் எல்லாம் சரியாக இருந்தன.

எனக்கு என்னுடைய நேர்காணல் ஞாபகம் வந்தது. 1996இல் இந்த நகரத்து அறை ஒன்றில் இருந்து அகதியாக என் கதையைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் இருந்தார், என் ஆங்கிலம் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தத் தேதி, எந்த ஒழுங்கை, வந்தவர்கள் எத்தனை பேர், முதல் சொன்னதும் பிறகு சொன்னதும் ஒத்துப்போகிறதா என்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது. பெறாமகளுடைய பரீட்சையில் பார்ப்பது நான்கு விடயம்: சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. உண்மைக்கென்று ஐந்தாவதாக ஒரு நிரல் கிடையாது. இரண்டில் எது கொடுமை என்று எனக்கு இன்னமும் தீர்மானிக்க முடியவில்லை.

"பொய் சொல்லலாம்" என்றேன். "அவை செக் பண்ணமாட்டினம். உனக்கு விருப்பமான வீட்டைக் கட்டு."

அடுத்த ஞாயிறு கட்டிக்கொண்டு வந்தாள். நல்லூரில் மாடிவீடு. முற்றத்தில் கறுத்தக்கொழும்பான் மாமரம். மேல்மாடியில் அவளுக்கென்று தனியறை, அதில் நீல நிறச் சன்னல். சாயந்தரம் கோயில் மணி கேட்கும். கிணற்றடியில் தங்கச்சி வழுக்கி விழுந்த கதைகூட இருந்தது. அவளுக்குத் தங்கச்சி கிடையாது. இரண்டு நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகள் தலையை நிமிர்த்தி, "அக்காவுக்கு இப்பிடியொரு வீடு இருந்ததா அம்மா? ஏன் வித்தவை?" என்று கேட்டாள். நான் பேசாமல் கறியைப் போட்டேன்.

இரண்டாம்தடவை பேச்சு 6.5 வந்தது. செப்டெம்பரில் வருகிறாள். பெறுபேறு வந்த இரவு, என்ன அட்டை கிடைத்தது என்று கேட்டேன்.

"ஆரோ தந்த பரிசு ஒண்டைப் பற்றி. முகாமிலை பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை தந்த அரைப் பென்சிலைச் சொன்னனான். சிவப்புப் பென்சில்."

"உண்மையே?"

"அதைக் கேக்கிறேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், சித்தி."