சரோஜாவுக்காக அழுத வீடு

சின்ன வயசுல உங்க மனசுல பதிஞ்சு போன டிவி கதாபாத்திரம் யாரு?

ஒரு மழை நாள் நைட் டியூட்டியில் எங்களுக்குள் இந்தப் பேச்சு வந்தது. நான் வேலை செய்வது தேர்வாய் கண்டிகை சிப்காட் பக்கம் இருக்கும் ஓர் அரசு மருத்துவமனையில். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் போய் முடிந்ததும் ஒரு மணி நேரம் கூட்டம் குறையும். அப்போதுதான் இந்த மாதிரி கதைகளுக்கு நேரம் கிடைக்கும்.

என் வயது டாக்டர் ஒருவர் யோசிக்கவே இல்லை. "சக்திமான்" என்றார்.

வேறென்ன சொல்ல முடியும்? 1997ல் தூர்தர்ஷனில் வந்த சக்திமான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கங்காதர் ஒரு சுற்றுச் சுற்றினால் முகேஷ் கன்னா சக்திமானாக நிற்பார். இந்தி ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கதை முழுக்கப் புரியும். நானும் தாத்தா துண்டை முதுகில் கட்டிக்கொண்டு திண்ணையில் இருந்து பறந்தேன். தாடையில் மூன்று தையல். தழும்பு இன்னும் இருக்கிறது.

சிஸ்டர் ஒருவர் "எனக்கு சித்தி சாரதா டாக்டர்" என்றார். 1999ல் ஆரம்பித்து 2001 வரை ஓடிய சீரியல். ராதிகா வரும் நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது.

என் முறை வந்தது.

"மெட்டி ஒலி சரோஜா" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "போயும் போயும் அந்த அழுமூஞ்சியா மேடம்?"

அன்றைக்கு நானும் சிரித்து வைத்தேன். ஏன் சரோஜா என்று அங்கே சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மெட்டி ஒலி 2002ல் இருந்து 2005 வரை சன் டிவியில் வந்தது. இயக்கியவர் திருமுருகன். அவரே கோபியாகவும் நடித்தார். மனைவியை இழந்த சிதம்பரம், அவருடைய ஐந்து பெண்கள், அவர்கள் வாழப் போன வீடுகள். இதுதான் கதை. சிதம்பரமாக டெல்லி குமார். அந்த ஐவரில் வெகுளியான சரோஜாவாக காயத்ரி. கணவன் மாணிக்கமாக சேத்தன். அம்மா பேச்சைத் தட்டாத மாணிக்கம் கையில் சரோஜா படும் பாட்டைப் பார்த்து தமிழ்நாடே அழுதது.

நாங்களும் அழுதோம். அப்போது எனக்கு 12 வயது. திருத்தணி பக்கம் ஒரு கிராமம். தாத்தா வீடும் எங்கள் வீடும் ஒரே தெரு. தாத்தா வீட்டில் பழைய சாலிடேர் டிவி. ராத்திரி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு எல்லோரும் அங்கே போய்விடுவோம்.

சிதம்பரத்துக்கு ஐந்து பெண்கள். என் தாத்தாவுக்கு நான்கு. அதனாலோ என்னவோ, சிதம்பரம் கண் கலங்கினால் தாத்தாவும் கலங்குவார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு "பொண்ணப் பெத்தவனுக்குத்தான்டா தெரியும் இந்த வலி" என்பார்.

அவருடைய மூன்றாவது மகள் என் சித்தி. கல்யாணமாகி இரண்டு வருஷம்.

ஒருநாள் ராத்திரி சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது சித்தி வந்து வாசலில் நின்றார். இடுப்பில் குழந்தை, கையில் மஞ்சள் பை. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆயா எழுந்து போய் குழந்தையை வாங்கிக்கொண்டார். சித்தி வந்து சுவரோரம் உட்கார்ந்து எங்களோடு மீதி சீரியலைப் பார்த்தார். "சத்தம் கொஞ்சம் கூட்டு" என்று மட்டும் ஒரு தரம் சொன்னார். தலையைத் திருப்பி வலது காதை டிவி பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரையில் சரோஜா அழுதாள். தாத்தா துண்டால் கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு சித்தியைக் கிளப்பிவிட்டார்கள். "இன்னும் ஒருத்திய கட்டிக் குடுக்கணும்மா. நீ திரும்பி வந்துட்டன்னு தெரிஞ்சா யார் வருவா? கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார் தாத்தா. அதட்டவில்லை. கிட்டத்தட்ட கெஞ்சினார்.

என் தாத்தா கெட்டவர் இல்லைங்க. பெண்களைப் படிக்க வைத்தவர். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. டிவியில் இருக்கும் பெண்ணுக்காக மனசார அழுதவர். ஆனால் சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அவரிடம் பஸ் காசு மட்டும்தான் இருந்தது.

அந்த மஞ்சள் பையை பஸ் ஸ்டாப் வரை தூக்கிக்கொண்டு போனது நான்தான்.

எம்பிபிஎஸ் படிக்கும்போது காது மூக்கு தொண்டை பிரிவில் போஸ்டிங். கன்னத்தில் விழும் அறையால் செவிப்பறை கிழிவதைப் பற்றி பேராசிரியர் பாடம் எடுத்தார். அறை விழும்போது காதுக்குள் இருக்கும் காற்று சட்டென்று அழுத்தப்பட்டு செவிப்பறையைக் கிழித்துவிடும். அடிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் வலது கைப் பழக்கம் உள்ளவர்கள். எதிரே நிற்பவருக்கு அடி விழுவது இடது கன்னத்தில். அதனால் இந்த மாதிரி கேஸ்களில் அதிகம் கிழிவது இடது காது.

வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு சாலிடேர் டிவி ஞாபகம் வந்தது. வலது காதைத் திருப்பி வைத்திருந்த தலையும்.

அன்று சாயங்காலம் சித்திக்கு போன் போட்டேன். "சித்தி, உங்க காதுல சீழ் வடியுதுன்னு சொல்வீங்களே, அது எந்தக் காது?"

"எடது காதுடி. எப்பவோ குளிக்கறப்ப தண்ணி போயிடுச்சு."

"தண்ணியா சித்தி?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அதான் டாக்டருக்குப் படிக்கிறியே. ஒனக்கே தெரியுமே" என்றார்.

இப்படிக் கிழியும் செவிப்பறை பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். சில வாரங்கள், சில நேரம் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். காதில் தண்ணீர் போகக் கூடாது. எண்ணெய் ஊற்றக் கூடாது. டாக்டர் சொல்லாமல் சொட்டு மருந்தும் விடக் கூடாது. சித்திக்கு இதைச் சொல்ல ஆளில்லை. வலிக்கு வெதுவெதுப்பாகத் தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். பத்து வருஷத்துக்கும் மேல் சீழ் வடிந்தது. அப்புறம் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தோம். சீழ் நின்றது. கேட்கும் திறன் பாதிதான் திரும்பியது.

இப்போது தேர்வாய் கண்டிகைக்கு வருவோம். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். 24 வயது இருக்கும். இடது காதில் ங்கொய்னு சத்தம், லேசாக ரத்தம். கூட வந்த கணவர்தான் பேசினார். "பட்ஸ் போட்டு நோண்டிட்டா மேடம்."

ஓட்டோஸ்கோப் வைத்துப் பார்த்தேன். செவிப்பறையில் ஓட்டை. கன்னத்தில் பவுடருக்குக் கீழே மங்கலாக விரல் தடம்.

கணவரை மருந்துச் சீட்டோடு பார்மசி வரிசைக்கு அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "பட்ஸ் குத்துன காது இப்படி இருக்காதும்மா. யாராச்சும் அடிச்சாங்களா?"

தரையைப் பார்த்தார். "அவரு நல்லவருதான் மேடம். கோவம் வந்தாதான்..."

சரோஜாவுக்கு வேலை இல்லை, சம்பளம் இல்லை, போக இடம் இல்லை என்று நினைத்திருந்தேன். இந்தப் பெண்ணுக்கு பிஎஃப் நம்பர் இருக்கிறது. மாதச் சம்பளம் வருகிறது. ஏடிஎம் கார்டு மட்டும் கணவர் பாக்கெட்டில்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். நூற்றுக்கு 38 பேர் என்றால் உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

மெட்டி ஒலி முடிந்த அதே 2005ல்தான் குடும்ப வன்முறையில் இருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 2006 அக்டோபரில் அமலானது. அடிபட்ட பெண்தான் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதில்லை, அந்த வீட்டிலேயே குடியிருக்க அவருக்கு உரிமை உண்டு என்கிறது அந்தச் சட்டம். பாதுகாப்பு அலுவலர் மூலமாக மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மருத்துவமனைக்கு வந்தால் நாங்கள் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும். 181 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். போலீஸ் வேண்டாம் என்றார். காயத்தை உள்ளபடி பதிவு செய்தேன். பின்னால் தேவைப்பட்டால் அந்த ஒரு பதிவு அவருக்குத் துணை நிற்கும். "மூணு வாரம் கழிச்சு கட்டாயம் வரணும்" என்று சொல்லி அனுப்பினேன்.

வந்தார். தனியாக. ஓட்டை கிட்டத்தட்ட மூடியிருந்தது. கிளம்பும்போது போனைக் காட்டினார். 181ஐ "ரேஷன் கடை" என்ற பெயரில் சேவ் செய்து வைத்திருந்தார். இன்னும் கூப்பிடவில்லை. அதே வீட்டில்தான் இருக்கிறார். ஏடிஎம் கார்டை மட்டும் திரும்ப வாங்கிவிட்டாராம்.

2020 ஊரடங்கில் சன் டிவி மெட்டி ஒலியை மறுபடியும் போட்டது. சித்தியும் பார்த்தார். சித்தப்பாவுக்கு இப்போது சர்க்கரை, ஆறாத கால் புண். தினமும் கட்டு மாற்றிவிடுவது சித்திதான். "சரோஜா பாவம்ல" என்றார் என்னிடம். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அந்த சீரியலை நான் குறை சொல்லவில்லை. நான்கு சுவருக்குள் நடப்பதைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தது அது. நாங்கள்தான் அழுதால் போதும் என்று நினைத்துவிட்டோம்.

சக்திமான் தந்த தழும்பு என் தாடையில் இருக்கிறது. சரோஜா தந்தது, கதவைச் சாத்திவிட்டு அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மஞ்சள் பையோடு வாசலில் நின்றால் டிவியை அணைத்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். முதல் பஸ்ஸுக்கு எழுப்பாதீர்கள்.