நெல்லை ஏன் அவித்தார்கள்?

நெல்லை ஊறவைத்து, அவித்து, வெயிலில் உலர்த்தி, குத்தி அரிசியாக்கி, அந்த அரிசியை மறுபடியும் உலையில் போட்டு வேகவைப்பது, யோசித்துப் பார்த்தால் சற்று விசித்திரமான ஏற்பாடுதான். ஒரே தானியத்துக்கு இரண்டு தடவை அடுப்பெரிக்க வேண்டும். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் இப்போதெல்லாம் பதில் தயாராக வந்து விழுகிறது: புழுங்கலில் சத்து அதிகம், முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியோடும் எனக்குச் சண்டை இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் 'ஆகவே' போடுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது. உடம்புக்கு நன்மை செய்யும் பழக்கம் அந்த நன்மையை உத்தேசித்தே பிறந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

புழுங்கலரிசியின் பெருமை உலகுக்குத் தெரிய வந்தது தஞ்சாவூரில் அல்ல, மலாயாவில். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனர்கள் பெரிபெரி நோயில் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு வீங்கி இதயம் நின்றுவிடும். அதே நாட்டில் இருந்த தமிழ்க் கூலிகளை இந்நோய் அநேகமாகத் தொடவில்லை. சீனர்கள் தின்றது மில்லில் தீட்டிய சயாம் பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல் என்பதை பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் கவனித்தார். இதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படைக்காரர்கள் முற்றத்தின் ஒரு பக்கக் கட்டடத்துக்குப் போனார்கள். அவர்களுக்குப் பழையபடி பச்சரிசி. இரட்டைப்படைக்காரர்கள் எதிர்ப்பக்கத்தில் அச்சாக அதே மாதிரி இருந்த கட்டடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு வங்காளத்துப் புழுங்கல். மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஒருவேளை நோய் கட்டடத்தில் இருக்கிறதோ என்ற சந்தேகம் வரக்கூடாது என்று, பாதியில் இரு கூட்டத்தையும் இடம் மாற்றினார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு கூடவே போனது. ஓராண்டு முடிவில் பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்திருந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவர்கூட இறக்கவில்லை. இதற்குச் சம்மதம் கேட்கப்படாத அந்த மனிதர்களை வைத்து இன்று யாரும் இப்படிச் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. ஆனால் அவர்கள் கொடுத்த விலையில் கிடைத்த விடை இது என்பதால், அதைச் சரியாகப் படிக்கும் கடமையாவது நமக்கு இருக்கிறது.

காரணம் பிறகுதான் துலங்கியது. பிராடன் பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவே நம்பினார். உண்மையில் அங்கே இருந்த ஒன்றல்ல, இல்லாமல் போன ஒன்றுதான் கொன்றது. தயமின் என்ற வைட்டமின் அரிசியின் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. ஜான்சன், டோனாத் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் 1926-ல் ஜாவாவில் அதைத் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு அது ஒரு மில்லிகிராமும் கொஞ்சமும் போதும். மில் அந்தத் தவிட்டைச் சுத்தமாக உரித்துவிடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, நீரில் கரையும் இச்சத்து உமிக்குள்ளேயே தவிட்டிலிருந்து அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் பறிபோவதில்லை.

அப்படியானால் இதையெல்லாம் தெரிந்துதானே அவித்தார்கள் என்பது முதல் ஆட்சேபம். அங்கேதான் சிக்கல். உரலில் இட்டு உலக்கையால் குத்திய காலத்தில் பச்சரிசியிலும் தவிடு ஓரளவு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கைக்குத்தல் பச்சரிசி தின்றவனுக்குப் பெரிபெரி சுலபத்தில் வராது. இந்நோய் ஊர் ஊராகப் பரவியது பெரும்பாலும் நீராவி மில்கள் வந்தபின். மில்லே இல்லாத காலத்தவர்கள் மில் விளைவிக்கப்போகும் நோய்க்கு முன்கூட்டியே மருந்து கண்டார்கள் என்றால், அது அறிவு அல்ல, ஆரூடம். அவித்ததற்கு அவர்களிடம் கைக்கெட்டும் காரணங்கள் நிறைய இருந்தன. அவித்த நெல்லில் உமி எளிதாக விடும், குத்தும்போது குருணை அதிகம் விழாது, வண்டு சீக்கிரம் பிடிக்காது, சோறு குழையாது, இரவில் நீரூற்றி வைத்தால் மறுநாள் பழையதுக்குப் பக்குவமாக இருக்கும். அன்றியும் உயர்ந்தது என்று கருதிப் படையலுக்கும் பொங்கலுக்கும் நாம் எடுத்து வைத்தது பச்சரிசியைத்தான். பழைய சென்னை ராஜதானியிலேயே, புழுங்கல் தின்ற தமிழ் மாவட்டங்கள் தப்பித்தன. மில்லில் தீட்டிய பச்சரிசி தின்ற வடசர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கடலோரத்தில் பெரிபெரி இருந்தது. அங்கிருந்தவர்களும் யாரோ சிலருக்கு முன்னோர்கள்தானே!

அடுத்த ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வரும்: பழக்கம் குருட்டுத்தனம், அறிவியல் சொல்வதைச் சாப்பிட்டால் போதாதா? இதற்கு ஜப்பானைப் பார்க்க வேண்டும். 1882-ல் ரியூஜோ என்ற கடற்படைக் கப்பல் நெடும்பயணம் போனது. 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் சாவு. லண்டனில் படித்த கடற்படை மருத்துவர் தகாகி, 1884-ல் அதே வழியில் போன இன்னொரு கப்பலில் இறைச்சி, பால் எல்லாம் சேர்த்து உணவை மாற்றினார். ஒருவரும் இந்நோயில் இறக்கவில்லை. பிறகு பார்லியும் சேர்ந்தது. புரதக் குறைவுதான் நோய்க்குக் காரணம் என்பது தகாகியின் கொள்கை. அது தவறு. ராணுவத்தில் இருந்தவர் மோரி ஓகாய். நவீன ஜப்பானிய இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்று, ஜெர்மனியில் நுண்ணுயிரியல் முன்னோடி காஹிடம் பயின்ற மருத்துவரும்கூட. அவர் வெள்ளையரிசியின் பக்கம் நின்றார். அவர் கையில் அன்றைய மிகச் சிறந்த விஞ்ஞானம் இருந்தது. கடற்படையின் கணக்கு அவரை அசைக்கவில்லை. 1904-05 ரஷ்யப் போரில் ஜப்பானிய ராணுவம் பெரிபெரிக்கு மட்டும் சுமார் 27 ஆயிரம் பேரைப் பறிகொடுத்தது. தவறான விளக்கம் கொண்டவர் சரியான சோறு போட்டார். மெத்தப் படித்தவர் தவறான சோற்றுக்கு வக்காலத்து வாங்கினார். ஆகவே விளக்கம் எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும், சாப்பிட்டவனுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கடைசிச் சாட்சி.

அப்படியென்றால் புழுங்கலை நம்பி உட்கார்ந்துவிடலாமா? அதுவும் முடியாது. மில் புழுங்கல் தயமினைக் காப்பாற்றித் தரும். நார்ச்சத்தைத் தராது, அது தவிட்டோடு போய்விடுகிறது. கஞ்சியை வடித்துக் கொட்டினால் காப்பாற்றியதிலும் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டது. வயலில் வேலை செய்தவனின் தட்டை நாற்காலியில் இருப்பவன் முன்னால் வைத்தால், புழுங்கல் என்ற பெயர் ஒன்றும் செய்துவிடாது. பெரிபெரிக்கு விடையாக இருந்த அரிசி நீரிழிவுக்கும் விடையாக இருக்க வேண்டியதில்லை. ஓர் உணவு ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அதற்குரிய மரியாதையைக் கொடுக்கலாம். எல்லாக் கேள்விக்கும் அதையே நீட்டக்கூடாது.

இப்போது சிறுதானியம், செக்கு எண்ணெய், விரதம், ஏதோ ஒரு விதை என்று வாரம் ஒன்று சர்வரோக நிவாரணியாகப் புறப்படுகிறது. எல்லாம் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. சிலவற்றில் புழுங்கலைப் போல யாரும் உத்தேசிக்காத நன்மை ஒளிந்திருக்கலாம். ஆனால் எதை எதோடு ஒப்பிட்டீர்கள், யார் சாப்பிட்டார்கள், எவ்வளவு காலம், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்ததா என்று ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். கோலாலம்பூர்க் கொட்டகையில் எண் சொல்ல வைத்தவர் கேட்டது அதற்கு மேல் ஒன்றுமில்லை. கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டார்கள். மீதிப் பேர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். உடம்பைப் பொறுத்தவரை இரண்டாவதும் நல்லதுதான்.