நாலு கோர் ரெண்டான கதை

புது மொடல் எண்டா பழசை விடக் கெதியா இருக்கும். கொம்பியூட்டர் விஷயத்தில் நாங்கள் கேள்வியே கேட்காமல் நம்புகிற ஒன்று இது. பெரும்பாலும் சரியும்தான். அது பிழைத்துப்போன ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். 2014இல் வந்த மக் மினி.

மக் மினியில் எனக்கு எப்பவும் ஒரு விருப்பம் இருக்கு. 2005 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் அதை அறிமுகப்படுத்தியபோது ஆரம்ப விலை 499 டொலர். பெட்டியை மட்டும்தான் தருவார்கள். திரை, கீபோர்ட், மவுஸ் எல்லாம் உங்கட வீட்டில இருக்கிறதைக் கொழுவிக்கொள்ளலாம். அப்பிள் கொம்பியூட்டர்களுக்குள் காசு குறைந்த ஆளும் எட்டிப்பார்க்கக்கூடிய வாசல் அதுதான். 2012 மொடலில் நாலு கோர் உள்ள ஐ7 புரொசஸரை 799 டொலருக்கு வாங்கலாம். அடியில் இருக்கிற வட்ட மூடியைக் கையால் திருகித் திறந்து, ராமை நீங்களே 16 ஜிபி வரை கூட்டலாம். வீடியோ எடிட் பண்ணுகிறவை, பாட்டு ஒலிப்பதிவு செய்யிறவை, வீட்டில் சின்னதா ஒரு சேர்வர் வைச்சிருக்கிறவை எண்டு பாரமான வேலை செய்யிற ஆக்களுக்கும் அந்தச் சின்னப் பெட்டி காணும்.

இரண்டு வருஷம் கழித்து, 2014 ஒக்டோபர் 16ஆம் திகதி புது மினி வந்தது. விலை திரும்பவும் 499 டொலரிலிருந்து தொடங்கியது. வயர்லெஸ் வேகம் கூடியிருந்தது. கிராஃபிக்ஸ் முந்தியதை விட நல்லம். தண்டர்போல்ட் 2 போர்ட் இரண்டு. ஆனால் எந்த மொடலை எடுத்தாலும் புரொசஸரில் ரெண்டு கோர்தான். காசு கூடக் கொடுக்கிறன் எண்டாலும் நாலு கோர் கிடையாது. ராமையும் போர்டோடு சேர்த்து சோல்டர் பண்ணிவிட்டார்கள். வாங்கிற நேரம் எவ்வளவு எடுத்தீர்களோ அவ்வளவுதான், பிறகு கூட்ட ஏலாது.

கோர் எண்டதை இப்படி யோசிச்சுப் பாருங்கோ. கலியாண வீட்டில் நூறு தேங்காய் திருவ வேணும். கெட்டிக்காரர் ரெண்டு பேர் எவ்வளவு கெதியாத் திருவினாலும், நாலு பேர் இருந்து திருவுறதுக்கு ஈடாகாது. அதுவே ஒரு தேங்காய்தான் எண்டால், அந்தக் கெட்டிக்காரர் ஒருத்தரே காணும். இணையம் பார்க்கிறது, கடிதம் அடிக்கிறது எல்லாம் ஒரு தேங்காய் வேலை. அதில் 2014 மினி கொஞ்சம் முன்னுக்கு நின்றது. வீடியோவை ரெண்டர் பண்ணுறது நூறு தேங்காய் வேலை. அதில் புது மினி, 2012இன் நாலு கோர் மினிக்குப் பின்னால்தான் வந்தது.

எனக்கு ஆகலும் உறுத்துவது அந்தப் பெயர்தான். 2012இல் இருந்ததும் ஐ7. 2014இல் கூடக் காசுக்குக் கொடுத்ததும் ஐ7. முந்தியது 2.3 கிகாஹேர்ட்ஸ், பிந்தியது 3.0 கிகாஹேர்ட்ஸ். விளம்பரத் தாளை மட்டும் வாசிக்கிற ஒருவருக்கு எண் ஏறியிருக்கிற மாதிரித்தான் தெரியும். பாதிக் கோர் காணாமல் போனது அந்தப் பெயரிலும் இல்லை, அந்த எண்ணிலும் இல்லை.

ஏன் இப்படி நடந்தது? கீக்பெஞ்ச் சோதனை மென்பொருளைச் செய்கிற ஜோன் பூல் அப்போது ஒரு விளக்கம் சொன்னார். இன்டெலின் முந்திய தலைமுறையில் ரெண்டு கோரும் நாலு கோரும் ஒரே மாதிரிப் பொருத்தில் இருந்தபடியால் ஒரே போர்ட் போதும். ஹஸ்வெல் தலைமுறையில் இரண்டுக்கும் வேறு வேறு பொருத்து. ஆகவே நாலு கோர் வேணுமெண்டால் தனியாக இன்னொரு போர்ட் வடிவமைக்க வேணும். இந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனா, ஒரு பெரிய கொம்பனிக்கு இன்னொரு போர்ட் செய்யிறது முடியாத காரியமில்லை. அந்த ஆக்களுக்காக அதைச் செய்யிறது பிரயோசனமா எண்டதுதான் கேள்வி. பிரயோசனமில்லை எண்டு யாரோ முடிவெடுத்திருக்கினம். பாரமான வேலை இருந்தும் கையில் காசு குறைவான ஆள்தான் அந்தக் கணக்கில் விடுபட்டுப்போனார். மலிவானதை வாங்குகிறவருக்கு லேசான வேலைதான் இருக்கும் எண்டு நினைக்கிறது சரியில்லை. படிக்கிற பெடியன் செய்யிற குறும்படத்துக்கும் ரெண்டர் நேரம் ஒண்டுதான்.

அடுத்த மினி 2018 ஒக்டோபர் 30ஆம் திகதிதான் வந்தது. நாலு கோரும் ஆறு கோரும் வந்தன, ராமையும் திரும்ப மாற்றக்கூடியதாக இருந்தது. ஒவ்வொரு கோரும் முந்தியதை விட நல்ல வேகம். ஆனால் ஆரம்ப விலை 799 டொலர். 2012இல் நாலு கோருக்குக் கேட்ட அதே காசு. 499 டொலர் வாசல் பூட்டுப்பட்டுவிட்டது.

எங்கட ஊரில் பாவிச்ச கொம்பியூட்டர், லப்டொப் வாங்கிற ஆக்களுக்கு இது பழங்கதை இல்லை. அந்தக் காலத்துச் சாமான்கள் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கு. கடைக்காரர் "ஐ7 தம்பி" எண்டால் அதோடு நிற்காதேங்கோ. அதுக்குப் பின்னால் வாற எண்ணையும் கடைசி எழுத்தையும் பாருங்கோ. 2012 மினியில் இருந்தது 3615கியூஎம், நாலு கோர், 45 வொட். 2014 மினியில் இருந்தது 4578யூ, ரெண்டு கோர், 28 வொட். அந்தக் கடைசி எழுத்தை ஒருக்கால் வாசிச்சுப்போட்டு, பிறகு விலையைக் கதையுங்கோ.