எதிரியைக் காணாத நூறு டன் பீரங்கிகள்

சிசிலித் தீவுக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில் அமைந்துள்ள மால்டாவுக்குச் செல்லும் பயணிகளில் பலர், வல்லெட்டா நகரின் மேல் பராக்கா தோட்டத்தில் நின்று பெருந்துறைமுகத்தையும் அதன் எதிர்க்கரையிலுள்ள கோட்டை நகரங்களையும் கண்டு, நண்பகலில் முழங்கும் மரியாதைப் பீரங்கியின் ஓசையைக் கேட்டதுடன் நிறைவடைந்துவிடுகின்றனர். துறைமுக வாயிலுக்குக் கிழக்கே, கல்காரா என்னும் ஊரை அடுத்துத் திறந்த கடலை நோக்கி அமைந்திருக்கும் ரினெல்லா கோட்டையை நாடிச் செல்வோர் குறைவு. அகழி சூழ, ஐந்து பக்கங்களுடன், மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்ட அக்கோட்டை தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் புலப்படாதவாறு தரையோடு தாழ்ந்தே கிடக்கிறது. 1878 முதல் 1886 வரை எட்டாண்டுகள் செலவிட்டு அதை எழுப்பியதன் நோக்கம், ஒரே ஒரு பீரங்கியைத் தாங்குவதுதான்.

அந்தப் பீரங்கியின் எடை ஏறத்தாழ நூறு டன்; குழலின் நீளம் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு; குழல்வாயின் விட்டம் 450 மில்லிமீட்டர். 900 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள குண்டு ஒன்றைச் செலுத்துவதற்கு 200 கிலோ அளவிலான கருமருந்து, அதாவது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த பழைய வகை வெடிமருந்து, தேவைப்பட்டது. குழலின் உட்புறத்தில் திருகாணிபோல் வரிகள் வெட்டப்பட்டிருந்தமையால் குண்டு தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு குறி தவறாமல் பறந்தது எனினும், மருந்தையும் குண்டையும் பின்புறமாக இடும் வசதி அதற்கு இல்லை. அவை இரண்டும் குழலின் வாய் வழியாகவே உள்ளே செலுத்தப்பட்டன.

இத்தகைய படைக்கலம் ஒன்றை மால்டாவில் நிறுத்த வேண்டிய தேவை இத்தாலியிலிருந்து எழுந்தது. அண்மையில் ஒன்றுபட்ட அந்நாடு, பெனடெத்தோ பிரின் என்னும் கப்பல் வடிவமைப்பாளரின் திட்டப்படி துயிலியோ, தாந்தோலோ என்னும் இரு கவசக் கப்பல்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் நான்கு நூறு டன் பீரங்கிகளைப் பொருத்த முடிவு செய்தது. கவசக் கப்பல் என்பது தடித்த உலோகத் தகடுகளால் பக்கங்கள் காக்கப்பட்ட போர்க்கப்பலாகும். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் இந்தியாவுக்குச் செல்லும் பிரிட்டிஷ் கப்பல்களுக்கு மால்டாவும் ஜிப்ரால்டரும் இன்றியமையாத தங்குதுறைகளாகிவிட்டன. அங்கிருந்த பீரங்கிகளின் எல்லைக்கு அப்பால் நின்றபடியே இத்தாலியக் கப்பல்கள் துறைமுகத்தை நொறுக்கிவிடக்கூடும் என்ற அச்சம் லண்டனில் பரவியபோது, பிரிட்டிஷ் அரசு அதே அளவுள்ள நான்கு பீரங்கிகளை வாங்கி, இரண்டை மால்டாவிலும் இரண்டை ஜிப்ரால்டரிலும் நிறுத்தத் தீர்மானித்தது.

இவ்வரலாற்றின் மையம், அவற்றைச் செய்தவர் யார் என்பதில் இருக்கிறது. இத்தாலிக்குப் பீரங்கி விற்றதும், அந்தப் பீரங்கிக்கு அஞ்சிய பிரிட்டனுக்கு மாற்றுப் பீரங்கி விற்றதும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரை அடுத்த எல்ஸ்விக்கில் இயங்கிய வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கின் ஒரே பட்டறைதான். பின்னர் 1885இல் அந்நிறுவனம் நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் பொட்சுவோலியில் ஒரு தொழிற்சாலையையே அமைத்துக்கொண்டது. இரு நாடுகளின் பகைமையும் ஒரே வணிகரின் கணக்கில் வரவாக ஏறியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அந்த நூற்றாண்டில் அரிது.

ரினெல்லாவுக்குரிய பீரங்கி 1882 செப்டம்பரில் கப்பலில் வந்திறங்கியது. கரையிலிருந்து கோட்டைவரை அதை இழுத்துச் செல்ல நூறு பீரங்கிப்படையினர் ஏறத்தாழ மூன்று மாதம் உழைத்தனர்; 1884 தொடக்கத்தில்தான் அது தன் மேடையில் ஏறியது. மனித வலிமையால் மட்டும் அதை இயக்குதல் இயலாதாகையால், நிலத்தடி அறையில் நீராவி எந்திரம் ஒன்று நீரை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்த, அந்த நீரழுத்த விசையே பீரங்கியைத் திருப்பவும் உயர்த்தவும் தாழ்த்தவும் செய்தது. சுட்டு முடிந்ததும் பீரங்கி ஒரு பக்கமாகத் திரும்பித் தன் வாயைக் கவசமிட்ட ஏற்றுமாடத்தின் துளைக்கு நேராகத் தாழ்த்தும். உள்ளிருந்து நீளும் கழி முதலில் குழலை நீரால் கழுவி எஞ்சிய தீப்பொறியை அணைத்து, பின்னர் மருந்துப் பொதியையும் குண்டையும் உள்ளே திணிக்கும். இத்தகைய மாடங்கள் இரு பக்கங்களிலும் இருந்தமையால், ஒன்றில் ஏற்றும்போதே மற்றதில் அடுத்த குண்டை ஆயத்தம் செய்ய முடிந்தது. முப்பத்தைந்து பேர் கொண்ட குழு ஆறு நிமிடத்திற்கு ஒரு முறை சுடும் திறன் பெற்றிருந்தது. ஆயினும் ஒரு முறை சுடுவதற்கான செலவு 2,600 படைவீரர்களின் ஒரு நாள் ஊதியத்திற்கு ஈடாக இருந்தது என்று கணக்கிடப்பட்டுள்ளது. அதனால் பயிற்சிக்காகச் சுடுவதும் மூன்று மாதத்திற்கு ஒரு முறை என்ற அளவிலேயே நடந்தது.

இதன் இணையைக் காண விரும்புவோர் மத்தியதரைக் கடலின் மேற்கு வாயிலான ஜிப்ரால்டருக்குச் செல்ல வேண்டும். அங்கு ரோசியா குடாவுக்கு மேலே அமைந்துள்ள பீரங்கி மேடை, மக்தாலாவின் நேப்பியர் என்னும் பெயரைத் தாங்குகிறது. 1876 முதல் 1883 வரை ஜிப்ரால்டரின் ஆளுநராக இருந்த ராபர்ட் நேப்பியர் 1810இல் கொழும்பில் பிறந்தவர். 1868இல் அபிசீனியாவின் மக்தாலா கோட்டையை வென்று அப்பட்டத்தைப் பெற்றவர். பின்னர் இந்தியப் படையின் தலைமைத் தளபதியாகவும் விளங்கியவர். அம்மேடையில் முதலில் நிறுத்தப்பட்ட குழல் சுடும்போது வெடிப்புற்றமையால், அருகிலிருந்த விக்டோரியா மேடையின் குழல் அங்கு மாற்றப்பட்டது. இன்று காணப்படுவது அதுவே. ஒரு முறை குண்டு வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட, மெலிந்த உடல்வாகுடைய வீரர் ஒருவர் தலைகீழாகக் குழலுக்குள் இறங்கி அதை வெளியே எடுக்க வழி செய்தார் என்னும் கதை அவ்வூரில் இன்றும் வழங்குகிறது.

பீரங்கிகள் மேடையேறுவதற்கு முன்பே அவற்றின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. 1879இல் தண்டரர் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில், முந்தைய குண்டு வெளியேறாததை அறியாமல் வாய் வழியாக மீண்டும் குண்டு இடப்பட்டதால் பீரங்கி வெடித்துப் பதினொருவர் உயிரிழந்தனர். அதன் பின்னர் பின்புறமாகக் குண்டு இடும் பீரங்கிகளும், புகையற்ற வெடிமருந்தும் விரைந்து பரவின. ரினெல்லா பீரங்கி 1905 மே மாதத்தில் கடைசியாகச் சுடப்பட்டு, அடுத்த ஆண்டே பணியிலிருந்து விலக்கப்பட்டது. நான்கில் எதுவும் ஓர் எதிரிக் கப்பலை நோக்கி ஒருபோதும் சுடவில்லை.

அச்சுறுத்துவதற்காகவே செய்யப்பட்டவை என்பதால் சுடாமல் ஓய்ந்ததையே அவற்றின் வெற்றியாகக் கொள்வோர் உண்டு. இத்தாலி அந்தத் துறைமுகங்களைத் தாக்க எண்ணியது என்பதற்கு உறுதி இல்லாத நிலையில், அவ்வாதம் வலுவுடையதன்று. மால்டாவில் மரபுச் சின்னங்களைக் காக்கும் விர்த் ஆர்த்னா அறக்கட்டளை, பாழடைந்து கிடந்த ரினெல்லாவை 1990களில் ஏற்றுச் சீரமைத்து அருங்காட்சியகமாக்கியது. இரு பீரங்கிகளையும் சிறப்பித்து 2010இல் மால்டாவும் ஜிப்ரால்டரும் இணைந்து அஞ்சல்தலை வெளியிட்டன. போருக்காக வாங்கப்பட்டுப் போரில் பயன்படாத படைக்கலங்கள் கல்விக்கும் சுற்றுலாவுக்கும் பயன்படுவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவற்றின் எடையையும் நீளத்தையும் கண்டு வியப்பதோடு நின்றுவிடாமல், ஒருவருக்கு விற்ற படைக்கலமே மற்றவரின் அச்சமாகவும் அடுத்த கொள்முதலாகவும் மாறிய விதத்தையும் காட்சிக்கூடங்கள் எடுத்துரைக்க வேண்டும். உலகில் இவ்வகைப் பீரங்கிகளில் இன்று எஞ்சியிருப்பவை ரினெல்லாவிலும் ஜிப்ரால்டரிலும் உள்ள இரண்டே; அவற்றைக் காணச் செல்வோர் வாங்கியவர்களின் பெயரோடு விற்றவரின் பெயரையும் சேர்த்தே அறிந்துகொள்வது நன்று.