பரிசு நின்ற பிறகு



போன வாரம் ஒத்தக்கடையில் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். ஓவியப் போட்டி என்றால் முதல் பரிசு அவளுக்குத்தான். "இப்பவும் வரையுறியாம்மா?" என்றேன். "இப்ப யாரு சார் பரிசு தரப்போறா? அதோட விட்டுட்டேன்" என்றாள். எதிரே யானைமலை. எனக்குப் பேச்சு வரவில்லை.

மலையைப் பார்த்ததும் லின் ஹில் நினைவுக்கு வந்தார். அமெரிக்கப் பாறையேற்ற வீராங்கனை. செயற்கைச் சுவர்களில் நடந்த போட்டிகளில் பலமுறை வென்றவர். அந்தச் சுவரில் பிடிகளை வேறொருவர் பொருத்தி வைப்பார். அதையெல்லாம் விட்டுவிட்டு இயற்கைப் பாறைக்கே திரும்பினார். 1993-இல் எல் கேப்பிட்டன் பாறையில், சுமார் 900 மீட்டர் உயரமுள்ள 'நோஸ்' பாதையைக் கை கால் பலத்தாலேயே ஏறி முடித்தார். கயிறு இருந்தது, விழுந்தால் தாங்குவதற்கு மட்டும். ஆணோ பெண்ணோ, அதுவரை யாரும் அப்படி ஏறியதில்லை. மறு ஆண்டு அதையே ஒரே நாளுக்குள் ஏறினார். அங்கே நடுவரும் இல்லை, கோப்பையும் இல்லை.

பரிசு வாங்கச் சொல்லிக்கொடுத்தேன். பரிசு நின்ற பிறகும் வரையலாம் என்று சொல்லித்தரவில்லை. தவறு என்னுடையதுதான்.

ஒரு டிராயிங் நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அம்மா, இதைப் படித்தால் வந்து வாங்கிக்கொள். யானைமலையை வரைந்து காட்டு. மார்க் போடமாட்டேன்.